தானே மூச்சுவிடும் கட்டிடம்

குடியிருப்பின் நடுவே எல்லோருக்கும் பொதுவாகக் கட்டியிருந்த நலக்கூடத்தின் வாசலில், ‘இது தானே மூச்சுவிடும் கட்டிடம்’ என்று ஒரு களிமண் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. கட்டிடம் மூச்சுவிடத்தான் செய்தது. எப்போது இழுக்க வேண்டும், எப்போது அடக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதற்கு மட்டும் சாவி அக்கா வந்து கயிற்றைப் பிடிக்க வேண்டியிருந்தது.

சாவி அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி தொங்குவதால் அந்தப் பெயர். இங்கே வருவதற்கு முன் பதினெட்டு வருடம் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டவர். ஒரு அறைக்குள் சூடு எங்கே போய் நிற்கும், காற்று எந்த வழியாக நழுவும் என்பதெல்லாம் தோலுக்கே தெரிந்துவிடும் பிழைப்பு அது. கடையை மூடியதும் கூடத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்தார். பெருக்கத் துடைக்க என்றுதான் சொன்னார்கள். வந்த பிறகுதான் கயிறுகளைக் காட்டினார்கள்.

மொத்தம் முப்பத்தாறு கயிறுகள். வட்டமான பெரிய கூடம். சுற்றிலும் முழங்கை நீளத் தடிமனில் இடித்துக் கெட்டித்த மண்சுவர். ஆள் உயரத்துக்கு மேலே வரிசையாக மர வென்டிலேட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கப்பி, ஒரு கயிறு, ஒரு குணம். ஏழாம் நம்பர் சோம்பேறி. இரண்டு தரம் இழுத்தால்தான் அசையும். பன்னிரண்டாம் நம்பர் அழுமூஞ்சி. எவ்வளவு எண்ணெய் போட்டாலும் கீச்சிடும். இருபத்திரண்டாம் நம்பருக்கு மாப்பிள்ளை என்று பெயர். கெஞ்சிக் கூத்தாடினால்தான் இறங்கி வருவார்.

இரவெல்லாம் திறந்து கிடந்து குளிர்ந்திருக்கும் கூடத்தை, வெயில் கை வைக்கும் முன் மூடுவது காலை வேலை. ஆறரைக்குக் கிழக்கு, ஒன்பதுக்குத் தெற்கு. பதினோரு மணிக்குக் கூரை உச்சியில் இருக்கும் மூடியைத் திறந்துவிட வேண்டும். உள்ளே இருப்பவர்களின் சூடு அந்த வழியாக மேலே போய்விடும். இரண்டு மணிக்கு மேற்கை மூடி, வடக்குப் பக்கத்துச் சல்லடைச் செங்கல்லில் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெயில் இறங்கியதும் எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். இரவுக் காற்று வந்து சுவரைக் குளிர்த்துவிட்டுப் போகும்.

ஏழு மணிக்கு மூச்சுப் பயிற்சிக்கு வருபவர்கள் உள்ளே கால் வைத்ததும், “அப்பாடா, என்ன ஒரு குளுமை!” என்பார்கள். சுவரைத் தடவிக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் அக்கா பின்பக்கம் மிதியடிகளை உதறிக்கொண்டிருப்பார். வேலை கண்ணில் படாமல் இருப்பதுதான் நல்ல வேலை என்று சலவைக் கடை முதலாளி அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்தப் பாடமே ஒருநாள் அவர் காலை வாரிவிடும் என்று முதலாளியும் நினைத்திருக்க மாட்டார், அக்காவும் நினைக்கவில்லை.

கட்டிடத்தை வடிவமைத்த கட்டிடக்கலைஞருக்கு அக்கா மனதுக்குள்ளும் வீட்டிலும் வைத்திருந்த பெயர் மண் சார். எந்தச் சுவரைக் கண்டாலும் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். தொழிலில் கெட்டிக்காரர்தான். அவர் வரைந்த பெரிய படம் ஒன்று நுழைவறையில் மாட்டியிருந்தது. கூடத்தைக் குறுக்காக வெட்டிக் காட்டும் படம். நீல அம்புகள் கீழே உள்ளே வரும். சிவப்பு அம்புகள் மேலே வெளியே போகும். நடுவில் முகம் இல்லாத நாலு பேர் சம்மணமிட்டுத் தியானம் செய்வார்கள். ஒரு மரம், அதில் ஒரு குருவி, வாசலில் ஒரு நாய், பலூன் பிடித்த ஒரு குழந்தை. நாய்க்குக்கூட அந்தப் படத்தில் இடம் இருந்தது. கயிறும் இல்லை, கயிற்றின் கீழ்நுனியில் யாரும் இல்லை.

முதலில் இந்த வேலைக்கு மோட்டார்கள் போடுவதாகத்தான் திட்டம். மோட்டார் ஓடினால் மின்சாரம் செலவாகும், செலவானால் பசுமைச் சான்றிதழில் மதிப்பெண் போய்விடும் என்று விட்டுவிட்டார்கள். தற்காலிகமாகக் கயிறு கட்டினார்கள். தற்காலிகமாக அக்காவை வைத்தார்கள். மூன்று வருடம் ஓடிவிட்டது.

அந்தச் சான்றிதழ் விஷயமாகத்தான் ஒரு மாலை அக்காவைச் சங்க அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே குடியிருப்போர் சங்கத் தலைவரும் மண் சாரும் இருந்தார்கள். தலைவர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் மதிப்பெண்ணாகப் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

“உட்காருங்க அக்கா,” என்றார்.

மூன்று வருடத்தில் அவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“நின்னுக்கிட்டே கேக்கறேன் சார். சொல்லுங்க.”

“நம்ம கட்டிடத்துக்கு எழுபத்தாறு மார்க் வந்திருக்கு. எண்பது வந்தா தங்க இலைச் சான்றிதழ். நாலே நாலு மார்க்தான் குறையுது.”

“நல்லாப் படிச்சா வந்துடும் சார்.”

மண் சார் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. ஒரு படிவத்தை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “இதுல ஒரு கேள்வி இருக்கு. கட்டிடத்தை இயக்க எத்தனை ஆள் தேவை? ஒருத்தரும் வேண்டாம்னா அஞ்சு மார்க். ஒரே ஒருத்தர் இருந்தாலும் முட்டை.”

“அந்த ஒருத்தர் நான்தானே சார்?”

“அப்படிச் சொல்லாதீங்க அக்கா,” என்று பதறினார் மண் சார். “நீங்க இந்த இடத்தோட ஆன்மா. ஆனா பாருங்க, ஆன்மாவுக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்லை.”

“அப்போ கயிறை யார் இழுப்பா?”

“கட்டிடம் தன்னைத்தானே சரி பண்ணிக்கும். அதுக்காகத்தானே இப்படிக் கட்டினோம்?”

அவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் எந்த மதியம் வந்து பார்த்தாலும் கூடம் குளுகுளுவென்று இருந்தது. அவர் படமும் அப்படித்தான் சொன்னது. நம்பாமல் என்ன செய்வார்?

வாரக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள். அக்கா எந்தக் கயிற்றை எந்த நேரத்தில் இழுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, சாவிக் கொத்தோடு தலைவர் கையில் கொடுத்தார். தலைவர் அந்தத் தாளைக் கோப்பில் போட்டு அலமாரியில் வைத்தார். அந்த அலமாரிக்குள் போன கோப்பு எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

இரண்டு தெரு தள்ளி வீடு. நடந்து வரும்போது அக்காவின் இடுப்பு லேசாக இருந்தது, மனசுதான் கனத்தது. ஐம்பத்திரண்டு வயதில், எனக்கு முப்பத்தாறு கயிறு இழுக்கத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது?

அக்காவின் கணவர் ஏசி மெக்கானிக். ஊரில் பாதி வீட்டு ஏசி அவர் கைபட்டுத்தான் ஓடியது. சொந்த வீட்டில் இருந்த ஏசி ஆறு வருடமாக ஓடவில்லை. “கம்ப்ரஸர் போயிடுச்சு, அடுத்த மாசம் பாத்துடலாம்” என்பது அந்த வீட்டின் நிலையான பதில். அதனால் வீட்டிலும் அக்காதான் ஜன்னல்களைப் பார்த்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“என்ன, உன் மண்வீடு உன்னைத் துரத்திடுச்சா?” என்றார் மெக்கானிக். கேலி பாதியில் நின்றுவிட்டது. அக்காவின் கை, வழக்கம்போல இடுப்புச் சாவியைத் தேடிக் கழற்றப் போய், வெறுமனே திரும்பியதை அவர் பார்த்துவிட்டார். “சரி விடு. நான் டீ போடறேன்.”

“வேண்டாங்க. ஏற்கெனவே மனசு சரியில்லை.”

அடுத்த வாரம் கூடத்தில் நடந்ததை அக்கா நேரில் பார்க்கவில்லை. மூச்சுப் பயிற்சி சொல்லித் தரும் டீச்சர்தான் தினமும் ஃபோனில் சொன்னார்.

“அக்கா, நீங்க போன மறுநாளே உடற்பயிற்சி குரூப் அந்தக் கயிறை எல்லாம் பிடிச்சுக்கிட்டாங்க.”

“எதுக்கு?”

“தோள்பட்டைப் பயிற்சிக்குன்னு நினைச்சிட்டாங்க. இத்தனை நாள் நீங்க மட்டும் பண்ணிட்டிருந்தீங்களாம், இப்பதான் எங்களுக்கு வாய்ப்பு கிடைச்சிருக்குன்னு ஒரு மாமா சொல்றார். ஆளுக்கு அம்பது இழுப்பு.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நட்ட நடு மதியத்தில், வெயிலைப் பார்த்தபடி முப்பத்தாறு வென்டிலேட்டர்களும் பட்பட்டென்று திறந்து மூடுவது அவர் கண்முன் வந்தது. “சாயங்காலம்?”

“சாயங்காலம் பத்திரமா எல்லாத்தையும் மூடிட்டுப் போறாங்க. பூச்சி வரக் கூடாதுன்னு.”

போயிற்று. பகலில் வெயிலைக் குடித்து, இரவில் அதை விட வழியில்லாமல் நின்றது மண்சுவர். நாளுக்கு நாள் சூடு ஏறியது. மூன்றாம் நாள் தியானத்தில் உட்கார்ந்தவர்கள் பதினைந்து நிமிடத்தில் தொப்பலாக நனைந்து எழுந்தார்கள். தலைவர் அசரவில்லை. உடம்பில் உள்ள கழிவெல்லாம் வியர்வையாகப் போகிறது, இது கட்டிடம் தரும் இலவச சிகிச்சை என்று சுற்றறிக்கை விட்டார். இரண்டு நாளைக்கு எல்லோரும் நம்பினார்கள். சிலர் துண்டு கொண்டு வந்தார்கள். எடை குறைகிறது என்று ஒருவர் தன் மைத்துனரையும் அழைத்து வந்தார். ஆறாம் நாள் அந்த மைத்துனர் மயங்கி விழுந்தார். அதோடு சிகிச்சை முடிவுக்கு வந்தது.

சான்றிதழ் தரும் முன் நேரில் சோதிக்க நடுவர்கள் வருவதற்கு நான்கு நாள் இருந்தது.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்த மெக்கானிக், சாப்பிடாமல் சிரித்துக்கொண்டே இருந்தார்.

“என்னங்க ஆச்சு உங்களுக்கு?”

“உங்க தலைவர் ஃபோன் பண்ணார். ரகசியமா பேசணுமாம். கூடத்துக்கு நாலு நாளைக்கு ஏசி வேணுமாம். வாடகைக்கு. அதுவும் கண்ணுல தெரியக் கூடாதாம். மண்சுவருக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கணுமாம்.”

அக்கா கரண்டியை வைத்துவிட்டார். “நீங்க என் வீட்டுக்காரர்னு அவருக்குத் தெரியாதா?”

“எப்படித் தெரியும்? ஏசி வச்சிருக்கறதை யாரும் வெளிய சொல்லிடக் கூடாதுன்னு பயம் அவருக்கு. தெரிஞ்சவங்களை விட்டுட்டு, தெரியாத ஆளாத் தேடி என்னைப் பிடிச்சிருக்கார்.”

“போய்ப் பாத்தீங்களா?”

“பாத்தேன். உள்ள கால் வச்சதும் செருப்பு ஒட்டிக்கிச்சு. அவ்வளவு பெரிய கூடம், மேல முப்பத்தாறு ஓட்டை. அதுக்குப் பன்னிரண்டு டன் வேணும் சார்னேன். அவங்க சோலார் எட்டு லைட்டுக்குத்தான் தாங்கும்னு மண் சார் சொல்றார். அப்புறம் குழாய் விட சுவர்ல துளை போடணும்னு டிரில்லை எடுத்தேன் பாரு, மனுஷன் சுவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார்.”

“ஐயோ பாவம்.”

“கடைசியா நான் சொன்னேன், சார், நீங்க கேக்கற மெஷின் சந்தையில இல்லை. ஒண்ணே ஒண்ணு இருக்கு. கேஸ் வேண்டாம், கரண்ட் வேண்டாம், சத்தம் கொஞ்சம் வரும். என் வீட்டுல இருக்குன்னேன். உடனே அட்ரஸ் வாங்கிக்கிட்டாங்க.” கடிகாரத்தைப் பார்த்தார். “வர்ற நேரம்தான்.”

சொல்லி முடிக்கும் முன் கதவு தட்டப்பட்டது. வாசலில் தலைவரும் மண் சாரும் நின்றார்கள். இருவர் சட்டையும் முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே வந்து ஏசி எங்கே என்று சுவரைத் தேடிய தலைவரின் பார்வை, பழைய ஏசியைக் கடந்து, அதன் கீழே நின்ற அக்காவின் முகத்தில் வந்து முட்டியது.

அறை குளுமையாக இருந்தது. மண் சார் தன்னையறியாமல் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

“அது சாதா சிமெண்ட் சார்,” என்றார் அக்கா. “மேற்கு ஜன்னலைப் பதினோரு மணிக்கே சாத்திட்டேன். அவ்வளவுதான்.”

தலைவர் தொண்டையைச் செருமினார். “அக்கா, நாலு நாள் மட்டும் வந்து போகணும். நடுவர்கள் இருக்கும்போது மட்டும் ஒரு தடுப்புக்குப் பின்னாடி நின்னு, சத்தம் இல்லாம…”

“மாட்டேன் சார்.”

“என்ன வேணும்னு சொல்லுங்க.”

“என் வேலை வேணும். நாலு நாளைக்கு இல்லை, நிரந்தரமா. தடுப்புக்குப் பின்னாடி நிக்க மாட்டேன். மூணு வருஷம் கண்ணுல படாம நின்னதாலதான் இந்த வினை.” மண் சார் பக்கம் திரும்பினார். “அப்புறம் அந்தப் படத்துல என்னையும் போடணும்.”

“படத்திலா?” என்றார் மண் சார்.

“ஆமா சார். அந்த நாய்க்குப் பக்கத்துல இடம் இருக்கு.”

“படிவத்துல பூஜ்யம்னு எழுதிட்டேனே அக்கா,” என்று முனகினார் தலைவர்.

“அடிச்சுத் திருத்துங்க சார். எத்தனை பிள்ளைங்க பேப்பரைத் திருத்தியிருப்பீங்க!”

தலைவர் பதில் சொல்வதற்குள் மெக்கானிக் குறுக்கே புகுந்தார். “சட்டுனு சொல்லுங்க சார். சுவர் ஒரு வாரச் சூட்டைக் குடிச்சிருக்கு. இறங்க மூணு ராத்திரியாவது வேணும். எனக்கே அது தெரியுது.” பெருமையாக மனைவியைப் பார்த்தார். அக்கா அதைப் பார்க்காதது போல இருந்தார்.

தலைவர் சரி என்றார். ஆனால் நடுவர்கள் சான்றிதழ் தந்தால்தான் அந்த வாக்குச் செல்லும் என்று ஒரு கொக்கியையும் மாட்டினார். அக்கா அன்று மாலையே போய் எல்லா வென்டிலேட்டர்களையும் திறந்தார். இருபத்திரண்டாம் நம்பர் மாப்பிள்ளை அன்றைக்குக் கெஞ்ச வைக்காமலே இறங்கி வந்தார். ஒரு வார உடற்பயிற்சியில் அவருக்கும் உடம்பு வளைந்திருந்தது போல.

நான்காம் நாள் பதினோரு மணிக்கு நடுவர்கள் வந்தபோது கூடம் பழைய குளுமைக்குத் திரும்பியிருந்தது. ஒருவர் நெட்டையான மனிதர், கையில் படிவம். இன்னொருவர் குட்டையான அம்மா, கையில் வெப்பமானி. அந்த அம்மா மானியைப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மறுபடி பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கூரை மூடி மெல்லத் திறந்தது. அவர் பார்வை மூடியிலிருந்து கப்பிக்கு வந்து, கயிறு வழியாகக் கீழே இறங்கி, ஒரு கையில் நின்றது.

“இவங்க யாரு?”

அவ்வளவு குளிரிலும் தலைவருக்கு வியர்த்தது. “அது வந்து, மேடம், அவங்க ஒரு விதத்துல…”

“நான்தாங்க இதோட மோட்டார்,” என்றார் அக்கா.

மண் சார் கண்ணை மூடிக்கொண்டார். குட்டை அம்மாவின் முகத்தில் மட்டும் எதுவும் மாறவில்லை. “மோட்டாருக்கு ஒரு நாளைக்கு என்ன செலவாகும்?”

“ரெண்டு டீ மேடம்.”

“எவ்வளவு தூரத்திலேருந்து வர்றீங்க?”

“ரெண்டு தெரு.”

“எதுல?”

“நடந்துதான்.”

நடுவர்கள் ஒதுங்கி நின்று பேசினார்கள். நெட்டை மனிதர் பக்கங்களைப் புரட்டினார். ஆள் என்று எழுதினால் முட்டை. மோட்டார் என்று எழுதினால் மின்சாரக் கணக்குக் கேட்கும். இரண்டிலும் இடிக்கிறது. பதினேழாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது. ‘உள்ளூர்ப் பொருட்கள்: ஐந்து கிலோமீட்டருக்குள் கிடைக்க வேண்டும். கொண்டுவர எரிபொருள் செலவாகக் கூடாது. ரசாயனப் பூச்சு தேவைப்படக் கூடாது. இடத்தின் தட்பவெப்பத்துக்குப் பழகியிருக்க வேண்டும்.’ இருவரும் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க,” என்றார் நெட்டை மனிதர் சங்கடத்தோடு. “உங்களை இங்க எழுத வேற இடம் இல்லை. உள்ளூர்ப் பொருட்கள்ல சேர்த்துக்கலாமா?”

மூச்சு டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. “மனுஷியைப் போய்ப் பொருள்னு எழுதுவீங்களா?”

அக்கா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். யோசித்தார். ஆளாக இருந்தபோது ஒரு வாரத்தில் போகச் சொன்னார்கள். பொருளுக்கு என்ன முறையோ? “சார், பொருள்னு எழுதினா, நாளைக்கு என்னைத் தூக்கிப் போட்டுடலாமா?”

“அதெப்படி? சான்றிதழ் கொடுத்துட்டா பத்து வருஷத்துக்கு எந்தப் பொருளையும் எடுக்கவோ மாத்தவோ கூடாது. எடுத்தா சான்றிதழ் ரத்து.”

அக்கா ஒருமுறை தலைவரைப் பார்த்தார். பிறகு நெட்டை மனிதரைப் பார்த்தார்.

“அப்போ தெளிவா எழுதிக்குங்க சார்.”

உள்ளூர்ப் பொருளுக்குக் கூடுதலாக ஆறு மதிப்பெண் வந்தது. அக்கா பொருளாகிவிட்டதால் இயக்குவதற்கு ஆள் யாரும் இல்லை என்று ஆகி, அந்த ஐந்தும் சேர்ந்தே வந்தது. ஒரே பெண்மணிக்கு, இருப்பதற்காக ஆறு, இல்லாததற்காக ஐந்து. பழைய எழுபத்தாறோடு சேர்த்து எண்பத்தேழு. தலைவர் பள்ளிக்கூடத்தில்கூட அப்படி ஒரு தேர்ச்சியைப் பார்த்ததில்லை.

இப்போது வாசல் பலகைக்குக் கீழே புதிதாக ஒரு பலகை இருக்கிறது: ‘உள்ளூர்ப் பொருட்கள்: மண், சுண்ணாம்பு, மூங்கில், சாவி அக்கா.’ படத்திலும் அக்கா வந்துவிட்டார். மண் சாரிடம் இருந்த உருவங்களில் சம்மணமிட்டவர்கள், ஓடுகிறவர்கள், புத்தகம் படிப்பவர்கள் எல்லாம் இருந்தார்கள். வேலை செய்கிறவர் ஒருவரும் இல்லை. கடைசியில் பலூன் பிடித்த குழந்தையைப் பெரிதாக்கி, பலூனை அழித்துவிட்டு, நூலை மட்டும் மேலே வென்டிலேட்டர் வரை இழுத்துவிட்டார். அதனால் படத்தில் இருக்கும் அக்காவுக்கு இரட்டைச் சடை, குட்டைப் பாவாடை. பார்த்த மெக்கானிக் ரொம்ப நேரம் தலையை ஆட்டினார். “பத்து வருஷ வாரன்டி வேற. நானே கம்ப்ரஸருக்கு ஒரு வருஷம்தான் தர்றேன்.”

போன மாதம் அக்கா முதல் முறையாக ஒருநாள் விடுப்புக் கேட்டார். பொருளுக்கு விடுப்புக் கொடுக்க விதி இல்லை என்று தலைவர் தலையைச் சொறிந்தார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்து வாசலில் தாள் ஒட்டினார்: ‘பராமரிப்புக்காக இன்று கூடம் மூடப்பட்டுள்ளது.’

அன்று காலை ஆறரைக்கு அக்கா எழுந்திருக்கவில்லை. மெக்கானிக் சத்தம் போடாமல் எழுந்து போய்க் கிழக்கு ஜன்னலைச் சாத்தினார்.

“இன்னும் பத்து நிமிஷம் இருக்குங்க வெயில் வர,” என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

மெக்கானிக் ஜன்னலை மறுபடியும் திறந்துவிட்டு, அதன் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றார்.